சென் லூயி ஏரியில் வெறும் வயிற்றோடு

விமானம் மொன்றியலில் இறங்கி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, நான் மருமகளின் காரில் வயிறு பிரட்டிச் சத்தி எடுத்துவிட்டேன். கொழும்பிலிருந்து அவ்வளவு தூரமும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், வீட்டுக்குக் கிட்ட வந்து மானத்தை விட்டேன். அக்காவின் மகள் அபிராமி காரை ஓரங்கட்டி, எனக்கென்று வாங்கி வைத்திருந்த டோனட் பையை அப்படியே நீட்டினாள். டோனட்டை வெளியே எடுத்து வைக்கவும் நேரம் இருக்கவில்லை.

“காருக்கே இப்பிடியெண்டால் ஞாயிற்றுக்கிழமை போட்டிலை என்ன மாமா செய்யப்போறீங்கள்?” என்றாள்.

அதைத்தான் நான் சாவகச்சேரியிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் மூன்று நாள்.

விஷயம் இதுதான். அக்காவின் கணவர், என் அத்தான், தை மாதம் காலமானார். ஒரு பாண் தொழிற்சாலையில் வேலைசெய்து, இந்த ஊரிலேயே தலை நரைத்த மனிதர். எரித்த அன்று கொள்ளி வைக்க ரொறன்ரோவிலிருந்து ஓர் உறவினர் வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஐயர் கோயிலில் வைத்துச் செய்துவித்தார். சாம்பலை மட்டும் கரைக்க முடியவில்லை, ஆறு உறைந்து கிடந்தது. ஆறு திறந்த நேரம் பார்த்து அந்த உறவினர் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு படுத்துவிட்டார். அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லை, அபிராமி ஒருத்திதான். “நான் செய்யிறன் அம்மா” என்று அவள் கேட்டிருக்கிறாள். “பொம்பிளைப் பிள்ளை செய்யக் கூடாது. தம்பி வருவான்” என்று அக்கா முடித்துவிட்டாள். அந்தத் தம்பி நான். வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற தபால்கந்தோர்க்காரன், சைக்கிளைத் தவிர எதில் ஏறினாலும் வயிறு பிரட்டுகிறவன்.

கரையில் நின்று கரைத்தால் என்ன என்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கரையிலையோ? அந்தத் தண்ணியிலை நாயளைக் குளிப்பாட்டுறாங்கள். என்ரை மனிசனை ஓடுற தண்ணியிலை விடவேணும். நடுவிலை.” நடுவிலே விடுவதென்றால் படகு வேண்டும். லவாலில் அபிராமி வேலைசெய்யும் கார்டரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் இடத்தில், ஒரு பிள்ளையின் தாத்தாவிடம் மீன்பிடிப் படகு இருந்தது. ரெஜான் என்று பெயர். கேட்டவுடனே சம்மதித்தாராம். நான் மட்டும்தான் உள்ளூர அவர் மாட்டேன் என்று சொல்லவேண்டுமென்று நேர்ந்துகொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தான் என்றால் கடலிலே பிறந்தவன் என்று வெளிநாட்டிலே ஒரு நினைப்பு இருக்கிறது. நான் தென்மராட்சிக்காரன். எங்களுக்குத் தென்னையும் மண்ணும்தான் பழக்கம். வாழ்க்கையில் ஒரேயொரு தடவை நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகேறினேன், கலியாணமான புதிதில். அந்தப் படகின் அடித்தட்டில், வியர்வையும் டீசல் புகையும் மல்லிகைப்பூவும் சேர்ந்த அந்த மணத்தில், எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மாவின் பட்டுச்சேலையை நாசமாக்கினேன். அந்த அம்மா பேசிய பேச்சு இன்னும் காதிலே நிற்கிறது. அதற்குப் பிறகு நாகபூஷணி அம்மனை நான் கரையில் நின்றே கும்பிடுகிறேன். கொழும்புக்கு பஸ் ஏறினாலும் சாரதிக்குப் பக்கத்து இருக்கை, கையில் மணந்து பார்க்கத் தேசிக்காய், மடியில் பை. சாரதிமார் என்னைக் கண்டாலே யன்னலைத் திறந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் அக்கா நம்பிக்கொண்டு இருந்தாள்.

ரொக்ஸ்பரோ என்கிற பகுதியில் அக்காவின் வீடு சின்னது, பின்னால் ஒரு மரத்தளம். வந்த பின்னேரமே சாமியறையில் வெள்ளைத்துணி சுற்றிய பெட்டியைக் காட்டினாள். சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

“முதல் வெளியிலைதான் வைச்சனான், தளத்திலை இருக்கிற அலுமாரிக்குள்ளை. பனி அள்ளுற சவளோடை. பேந்து ஒருநாள் பின்னேரம் மூக்கு விறைக்கிற குளிர். என்னாலை ஏலாமல் போச்சு. போய் உள்ளை தூக்கிக்கொண்டு வந்திட்டன். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதெல்லோ.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். “அது பாவம் எண்டால் எனக்குத்தான் தம்பி. நீ ஒழுங்காக் கரைச்சு விட்டாய் எண்டால் போதும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை.”

ஐந்து மாதமாக இந்த மனுஷி இதற்காகவே காத்திருக்கிறாள். கரைக்கிற நேரம் நான் குனிந்து, அத்தானின் சாம்பலுக்கு மேலே சத்தி எடுத்துவிட்டால்? இந்தப் படம் ஒருமுறை மனதிலே வந்ததுதான், பிறகு மூன்று நாளும் போகவில்லை. இடியப்பத்தைப் பார்த்தாலும் அதுதான், சொதியைப் பார்த்தாலும் அதுதான்.

வெள்ளிக்கிழமை பூவும் வெள்ளைத்துணியும் வாங்கத் தமிழ்க்கடைக்குப் போகவேண்டும் என்றாள் அக்கா. அபிராமி வேலைக்குப் போகும்போது எங்களை லவாலில் மெற்றோ நிலையத்தில் இறக்கிவிட்டாள். மெற்றோவை நான் ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டேன். இதிலே தாக்குப்பிடித்தால் படகிலும் பிடிக்கலாம் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். இந்த ஊர் மெற்றோ தண்டவாளத்தில் இரும்புச் சில்லால் ஓடுவதில்லை, ரப்பர் சில்லு. மெதுவாக, வழுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு ஆட்டம். அவசரத்தில் நான் பின்னுக்குப் பார்க்கிற இருக்கையில் இருந்துவிட்டேன். நான்காவது நிலையத்தில் வாயில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த அறிகுறி, அதற்குப் பிறகு அதிக நேரம் இருக்காது.

எதிரில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைக் காட்டிப் பிரெஞ்சில் சத்தமாக ஏதோ சொன்னார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அக்கா என் காதுக்குள் சொன்னாள்: “‘அந்த ஐயாவின்ரை முகம் வெளிறிப் போச்சு, வாசல் பக்கம் விடுங்கோ’ எண்டு சொல்லுறா. நல்ல மனிசி.” நான் நல்ல மனிசிக்குப் பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்ல வாயைத் திறக்கப் பயந்து கையை மட்டும் கூப்பினேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, ஒரு வாங்கில் உட்கார்ந்து, மூன்று மெற்றோவைப் போகவிட்டோம். அக்காவின் முகத்தில் கவலை வந்துவிட்டதைக் கண்டேன்.

பிறகு அக்கா என்னை ஒரு மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனாள், அங்கே மருந்து கொடுக்க முக்காடு போட்ட ஒரு பெண்பிள்ளை நின்றது. அக்கா ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து என் வரலாற்றைச் சொன்னாள், நயினாதீவுப் பட்டுச்சேலை உட்பட. அந்தப் பிள்ளை சிரிக்காமல் கேட்டது, அதற்காகவே அதை எனக்குப் பிடித்துப்போயிற்று. சத்தி வராமல் இருக்கத் தந்த குளிசையைப் படகேற ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே போடவேண்டும், வயிறு பிரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை என்றது. இஞ்சி நல்லது. எண்ணெய்ப் பண்டம் கூடாது. முக்கியமாக, வெறும் வயிற்றோடு ஏறவே கூடாது, கொஞ்சமாவது காய்ந்த பாணோ பிஸ்கட்டோ உள்ளே இருக்கவேண்டும்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தாள்.

ஏனென்றால் அக்காவின் திட்டப்படி சனிக்கிழமை இரவிலிருந்து நாங்கள் உபவாசம். கிரியை முடியும்வரை வாயில் ஒன்றும் வைப்பதில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் நான் மெதுவாகத் தொடங்கினேன். “அக்கா, அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டனீங்கள்தானே…”

“அது சின்னப் பிள்ளை. அதுக்கு எங்கடை முறை என்ன தெரியும்?” என்றாள். “ஒரு நேரம் பட்டினி கிடந்தால் செத்தே போவாய்?”

அன்று பின்னேரம் குளிசையைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று ஒன்றை விழுங்கினேன். அது வயிற்றை என்ன செய்ததோ தெரியாது, ஆளை அடித்துப் போட்டுவிட்டது. சாப்பாட்டு மேசையில் இடியப்பத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனேன். அபிராமி தாடையைப் பிடித்து நிமிர்த்தாவிட்டால் முகம் சொதிக்குள் போயிருக்கும். “நித்திரை தூங்கித் தூங்கியோ கிரியை செய்யப்போறாய்?” என்று அக்கா குளிசைப் பெட்டியைப் பறித்து அலுமாரிக்குள் வைத்தாள். கடைசியில் பாதிக் குளிசைக்கு உடன்பாடு வந்தது, ஒரு மிடறு தண்ணீரோடு.

சனிக்கிழமை படகைப் பார்க்கப் போனோம். லஷீன் என்கிற இடத்தில், ஆறு அகன்று சென் லூயி என்ற பெரிய ஏரியாகிற முனையில் கட்டியிருந்தார்கள். ஏரி என்றவுடனே நான் எங்கள் ஊர்க் குளத்தை நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் எதிர்க்கரை ஒரு கோடு. காற்றுக்குத் தண்ணீர் மடித்து மடித்து வருகிறது. அன்றைக்கு அலை இல்லையாம், அபிராமி சொன்னாள்.

ரெஜான் எழுபது வயது மனிதர், கட்டையான உடம்பு, முகம் வெயிலில் சிவந்திருந்தது. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், அபிராமிதான் எங்களுக்கு வாய். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் ஏதோ கேட்டார்.

“உங்களுக்குக் கடல் வருத்தம் இருக்கோ எண்டு கேக்கிறார் மாமா.”

“அவருக்கு என்னெண்டு தெரியுமாம்?”

“நீங்கள் கயிறைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்களாம். போட் இன்னும் கட்டித்தான் கிடக்குதாம்.”

வெட்கத்தோடு கயிற்றை விட்டேன். ரெஜான் சிரித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். இளமையில் கஸ்பேப் பக்கம் கடலில் நண்டுப் படகில் வேலைக்குப் போனவராம். முதல் மூன்று வாரமும் தினமும் சத்தி. மற்றவர்கள் சிரித்தார்களாம், ஆனால் அவர்களும் ஒரு காலத்தில் எடுத்தவர்கள்தானாம். அப்போது படித்த பாடங்களை ஒவ்வொன்றாக விரல் மடித்துச் சொன்னார், அபிராமி மொழிபெயர்த்தாள். படகின் நடுவிலும் பின்னுக்கும் ஆட்டம் குறைவு, அங்கே நில். புகை வருகிற பக்கம் நிற்காதே. கண்ணைத் தூரத்துக் கரையில் வை. படகுக்குள் பார்க்காதே, தண்ணீரைப் பார்க்காதே, தூண்டிலில் புழுக் கொழுவக் குனிகிறவன்தான் முதலில் விழுவான், குனியவே குனியாதே. எஞ்சின் ஓடும்போது பயமில்லை, நிறுத்தி மிதக்கவிடும்போதுதான் ஆபத்து. விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்றில்லை, அப்போது போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பிட்டுவிட்டு வா.

சாம்பலைத் தண்ணீரின் மட்டத்தில் குனிந்துதான் விடவேண்டும், உயரத்திலிருந்து கொட்டினால் காற்றில் பறக்கும். எஞ்சினை நிறுத்தாமல் கிரியை செய்ய முடியாது. ஒன்பது மணிக்குப் பிறகு செய்யுங்கள் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார். சாப்பாடு கிடையாது. ரெஜான் செய்யாதே என்ற அத்தனையையும் நான் நாளைக்கு வரிசையாகச் செய்யவேண்டும்.

அந்த நல்ல மனிதர் எங்களைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் பூட்டீன் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேலே பாற்கட்டியைப் போட்டு, மண்ணிறக் குழம்பு ஒன்றை ஊற்றிக் கொடுக்கிறார்கள், இந்த ஊரில் அதற்கு உயிரை விடுவார்கள். குழம்பு என்னத்தில் செய்தது என்று அக்கா விசாரித்து, மாட்டுச் சாறு என்றதும் தட்டை மெல்லத் தள்ளி வைத்தாள். எனக்கு அந்தக் குழம்பு ஆடினதே போதும், வெளியில் போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து குசினிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், பாண் எடுத்து இரண்டு வாய் தின்னலாம் என்றுதான் போனேன். மேசையில் முதல்நாள் வாங்கிய பேகல் என்கிற வட்டப் பாண் ஒரு பை நிறைய இருந்தது. அக்கா அதற்கு முன்பே முழுகி, ஈரத் தலையோடு, பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சர்க்கரை வருத்தம் வேறு. அவள் பட்டினி கிடக்க நான் என்னெண்டு தின்பது? பாதிக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு வந்து இருந்தேன்.

காரில் சாம்பலை மாற்றி வைத்த குடம் அக்காவின் மடியில், பை என் மடியில். லஷீனில் இறங்கியபோது மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ரெஜான் கையை விரித்து வானத்தைக் காட்டி அபிராமியிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

படகில் ஏறுமுன்பு அக்கா ஒரு போத்தலில் கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரை எடுத்தாள். மீன் செத்த படகாம், சுத்தம் செய்யாமல் அத்தானை ஏற்றமாட்டாளாம். இருக்கை, சுக்கான், எஞ்சின், மீன் போடும் பெட்டி என்று ஒன்று விடாமல் தெளித்தாள். ரெஜான் தன் தொப்பியையும் கழற்றி நீட்டினார், அதற்கும் தெளித்தாள். வெள்ளைச் சேலைக்கு மேலே செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டு, குடத்தை அணைத்தபடி அவள் ஏறியபோது அந்தப் படகுக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி பின்பக்கமாக ஏறினேன்.

எஞ்சின் ஓடும்வரை ரெஜான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முகத்தில் காற்று அடித்தது, கண் கரையில் இருந்தது, வயிறு இருக்கிற இடம் தெரிந்தது, அவ்வளவுதான். நடு ஏரியில், நீரோட்டம் நன்றாக இழுக்கிற ஓர் இடத்தில், அவர் எஞ்சினை நிறுத்தினார். உடனே படகு காற்றுக்குப் பக்கம் காட்டித் திரும்பி ஆடத் தொடங்கியது. ஒரு அலை தூக்கும், மற்றது பள்ளத்தில் விடும், இடையில் பெற்றோல் மணம் வந்து மூக்கில் ஏறும்.

அக்கா கற்பூரம் கொளுத்தப் பார்த்தாள், காற்று விடவில்லை. “சரி, அப்பிடியே செய். நமசிவாய சொல்லிக்கொண்டு கரை” என்று குடத்தை என் கையில் தந்தாள்.

முழந்தாளிட்டுக் குனிந்தேன். பச்சைத் தண்ணீர் முகத்துக்குக் கிட்ட வந்தது, விலகியது, மறுபடி வந்தது. நமசிவாய என்று வாயைத் திறந்தேன். வாய் முழுக்கத் தண்ணீர் ஊறிவிட்டது. குடத்தை அக்காவின் கையில் திணித்துவிட்டு மறுபக்கத்துக்குத் தவழ்ந்து போனேன். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் மஞ்சள் பித்தம்தான் வந்தது, குடலே கழன்று வருகிற மாதிரி வலி. அபிராமி என் அங்கியைப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

ரெஜான் ஏதோ கேட்டார், அவள் தலையை ஆட்டினாள். அவர் தன் தலையில் கையை வைத்தார். “சாப்பிடேல்லையோ எண்டு கேட்டவர் மாமா, இல்லையெண்டு சொன்னன்.” அவர் ஒரு டப்பாவிலிருந்து உப்பு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தின் என்றும் சொல்லவில்லை. நான் வாங்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி குடத்தை வாங்கினேன். இந்தமுறை குனியக்கூட இல்லை, குடத்தின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்கிறதற்குக் கீழே பார்த்தேன், அவ்வளவுதான். மறுபடி ஓட்டம். எத்தனை தரம் எடுத்தேன் என்று தெரியாது. கடைசியில் படகுக்குள் புழு டப்பாவுக்குப் பக்கத்தில் சரிந்துவிட்டேன். உயிர்காப்பு அங்கியோடு அங்கேயே செத்துப்போனால் நல்லது என்று இருந்தது.

ரெஜான் வந்து என் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். சுக்கானுக்கு முன்னால் இருத்தி, என் இரண்டு கையையும் அதிலே வைத்து, எஞ்சினை மெல்ல ஓடவிட்டார். எதிர்க்கரையில் ஒரு தேவாலயத்தின் கூர்க்கோபுரம் தெரிந்தது. “அதைப் பாக்கட்டாம். அதுக்கு நேராய் ஓட்டட்டாம். ஓட்டுறவனுக்கு இந்த வருத்தம் வராதாம்” என்றாள் அபிராமி. நண்டுப் படகில் அவருடைய கப்பித்தான் அவருக்குச் செய்த வைத்தியமாம் அது.

நம்பமாட்டீர்கள். ஐந்து நிமிடத்தில் வியர்வை நின்றது, பத்து நிமிடத்தில் மூச்சு ஒழுங்காக வந்தது. அலை வருகிறது என்று என் கைக்கு முதலே தெரிந்தது, வயிறு அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டது. திருநீறு பூசிய நெற்றியோடு நான் ஒரு தேவாலயக் கோபுரத்தைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு படகு ஓட்டினேன்.

தெம்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சுக்கானை ரெஜானிடம் விட்டுவிட்டு எழுந்தேன். இரண்டு அடி வைத்திருப்பேன், மூன்றாவது அடியில் வாயில் மறுபடி தண்ணீர். திரும்ப வந்து சுக்கானைப் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதை விட்டால் என்னால் நிற்க ஏலாது, பிடித்துக்கொண்டு கரைக்கவும் ஏலாது.

“அக்கா, என்னாலை ஏலாது” என்றேன். அழுகை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால், மூக்கு ஒழுக அழுதேன். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. இதுக்கெண்டே வந்து…”

ரெஜான் அபிராமியிடம் சொன்னார், காற்று இன்னும் ஏறப்போகிறது, திரும்புவதென்றால் இப்போதே திரும்பவேண்டும். வேறொரு நாள், விடியற்காலையில், சாப்பிட்டுவிட்டு வரலாம், தான் வருவதாகவும் சொன்னார்.

“இல்லை” என்றாள் அக்கா. “வெளிக்கிட்டவரைத் திருப்பி வீட்டுக்குள்ளை கொண்டு போறேல்லை.”

எனக்குப் பின்னால் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்கு மறுபடி தொடங்கிவிடும், அதனால் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகு அலைக்கு முகம்கொடுத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

“பிள்ளை, இஞ்சை வா” என்றாள்.

“நானோ?” அபிராமியின் குரல் கோபமாகத்தான் வந்தது. “பொம்பிளைப் பிள்ளை கூடாது எண்டனீங்கள். ஐஞ்சு மாசமாச் சொன்னீங்களம்மா.”

“சொன்னனான்தான்.” அக்காவின் குரல் இறங்கியிருந்தது. “நீ அவரின்ரை பிள்ளை. வா, வந்து பிடி.”

உயிர்காப்பு அங்கிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. குடம் படகின் ஓரத்தில் தட்டுப்பட்டது. அக்கா தேவாரம் ஒன்றைத் தொடங்கினாள், இரண்டாம் வரியில் குரல் அடைத்து நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் அபிராமி பேசத் தொடங்கினாள், பிரெஞ்சில், தகப்பனோடு. தினமும் வேலைவிட்டு வந்து அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுகிற மாதிரி, நிறுத்தாமல், கெதியாக. அக்கா அவளைத் தமிழில் சொல்லு என்று சொல்லவில்லை. எனக்கு அதிலே ஒரு சொல்தான் விளங்கியது. மெர்சி. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குப் பக்கத்தில் நின்ற ரெஜானுக்கு எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தார்.

சாம்பல் தண்ணீரில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. படகு வளைந்து திரும்பியபோது பூக்கள் மட்டும் என் பார்வைக்குள் ஒரு கணம் நின்று, விலகிப் போயின. சாவகச்சேரியிலிருந்து இதற்காகவே வந்தவன் கண்டது அவ்வளவுதான்.

கரைக்குத் திரும்பும்போதும் சுக்கானை என் கையிலேயே விட்டார் ரெஜான். அபிராமி பின்னால் தனியாக இருந்தாள், ஈரக் கைகளை மடியில் விரித்துவைத்துக்கொண்டு. அக்கா எழுந்து தட்டுத்தடுமாறி என் பக்கத்தில் வந்து இருந்தாள். ரெஜானிடம் கை நீட்டி அந்த உப்பு பிஸ்கட்டை வாங்கி, ஒன்றைத் தான் கடித்தாள், ஒன்றை என் வாயில் வைத்தாள். பேசப் போகிறாள் என்று பயந்துகொண்டு கோபுரத்தையே பார்த்தேன்.

“நல்ல காலம் தம்பி” என்றாள், “நீ சத்தி எடுத்தாய்.”

“என்னக்கா சொல்லுறீங்கள்?”

“நீ எடுக்காட்டி நான் இவளை விட்டிருக்கமாட்டன்.”

அக்கா பின்னால் திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.